நிறையூரில் பாத்திரம் கழுவுவது யார்?

ஒரு நல்ல சம்பந்தம் கெட்டுப்போக ஆயிரம் வழி உண்டு. ஜாதகம் கெடுக்கும், சீர்வரிசை கெடுக்கும், அதுவும் போதாதென்றால் பங்காளிகள் இருக்கவே இருக்கிறார்கள். பூவிழியின் சம்பந்தத்தைக் கெடுக்கப் பார்த்ததோ ஒரு நாவல். அதையும் வேறு யாரும் கொண்டுவந்து நுழைக்கவில்லை. அவளே நூலகத்தில் தேடி எடுத்து, அவளே தொண்டை வறளப் படித்துக் காட்டியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

பூவிழிக்கு மரக்காணத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலை. அவள் அம்மா அம்சவள்ளிக்கு உப்பளத்தில் வேலை. விடியும்போதே பாத்தியில் இறங்கி, நீளக் கழி பூட்டிய பலகையால் உப்பை இழுத்து இழுத்து வரப்போரம் குவிக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கிறது, இடுப்புக்கு வேலை இருக்கிறது, காதுக்குத்தான் ஒரு வேலையும் இல்லை என்பது அங்கே உப்பு வாரும் பெண்களின் வெகுநாள் குறை. கேட்ட பாட்டையே எத்தனை தரம் கேட்பது? அதற்குப் பூவிழி ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போய்விட்டால் கடையில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் கதைப் புத்தகத்தைப் பிரித்து, ஓர் அத்தியாயத்தைப் படித்துப் போனில் பதிந்து, அம்மாவின் கூட்டாளிகள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவாள். மறுநாள் காலையில் லூர்துமேரியின் இடுப்பில் பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கும் போன், சுற்றியுள்ள பாத்திகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அந்த அத்தியாயத்தைச் சொல்லும்.

லூர்துமேரி யாரென்றால், அம்சவள்ளிக்குப் பக்கத்துப் பாத்தி, பக்கத்துத் தெரு, உயிர்த்தோழி. உப்பு வாருவதில் ஓர் ஆள், பேசுவதில் மூன்று ஆள்.

அந்த நாவலில் கடலுக்கு நடுவே நிறையூர் என்று ஒரு தீவு. வழி தப்பிய மாலுமி ஒருவன் அங்கே கரையேறுகிறான். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. போலீஸ் கிடையாது. புருஷன் பெண்டாட்டி சண்டை கிடையாது. தினம் தெருவே கூடி விருந்து சாப்பிடுகிறது. சாயங்காலமானால் ஒருவன் முரசடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்து, "குறை உண்டா?" என்று கேட்பான். வீட்டுக்கு வீடு சிரித்த முகத்தோடு, "குறை இல்லை" என்பார்கள்.

அம்சவள்ளி மயங்கியே போய்விட்டாள். "அந்த ஊருக்கு பஸ் வுட்டா நான் நாளைக்கே போயிடுவேன்டி" என்றாள். அவளுக்கு அவள் கொழுந்தனார்களோடு மூன்று தலைமுறைக்குப் போதுமான சண்டை இருந்தது, ஆசைப்பட்டதில் தப்பில்லை.

லூர்துமேரி மட்டும் முதல் அத்தியாயம் முடிந்ததுமே குரூப்பில் ஒரு கேள்வியைப் போட்டாள். "எல்லாம் சரிதான் பூவிழி. தெனம் விருந்து துன்றாங்க, சிரிக்கிறாங்க. அந்தப் பாத்திரத்தயெல்லாம் யாரு கழுவுறா? கேட்டுச் சொல்லு." கேட்டுச் சொல்லவாம். எழுதினவருக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று நினைப்பு. அதன் பிறகு எந்த அத்தியாயம் போனாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்தான். மாலுமி காதலில் விழுந்தான் என்றாலும் "பாத்திரம்?", திருவிழாவில் வாணம் விட்டார்கள் என்றாலும் "பாத்திரம்?"

முக்கால் புத்தகம் தாண்டியதும் மாலுமி ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். என்றைக்கோ ஒரு சாயங்காலம் தெரியாத்தனமாக "குறை உண்டு" என்று சொல்லிவிட்ட அத்தனை பேரும் அங்கே ஆற்றோரம் குந்தியிருந்து ஊர்ப் பாத்திரம் மொத்தத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை அளத்தில் வேலை நின்றுவிட்டது. லூர்துமேரி பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு, எலெக்ஷனில் ஜெயித்தவள் மாதிரி வரப்பு வரப்பாக நடந்தாள். அம்சவள்ளியோ அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நல்லா ஏமாந்துட்டேன்டி. இனிமே எவனாவது எங்களுக்குக் குறையே இல்லன்னு சொன்னான்னு வையி, மலைக்கு அந்தாண்ட போயிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றாள்.

இந்த நேரம் பார்த்தா பாலகுருவின் வீட்டார் பெண் கேட்டு வர வேண்டும்?

பாலகுரு பெருமுக்கல்காரன். வீட்டில் விவசாயம், அவனுக்குத் திண்டிவனத்து மருந்து மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டுகிற வேலை. கடைக்குச் சரக்கு இறக்க வருகிற நாட்களில் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். திறந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வரும். சாம்பார் சாதமோ, புளி சாதமோ, எதுவாக இருந்தாலும் உப்பைத் தூவிக்கொண்டுதான் வாயில் வைப்பான். "எங்கம்மா வார்ற உப்பு உங்க ஒருத்தருக்கே பத்தாது போல" என்று பூவிழி ஒருநாள் சீண்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவனும் விழுந்து கிடப்பது தெரிந்த பிறகு, வீட்டில் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். அவர்களும் பூவும் பழமுமாக வந்தார்கள்.

வந்தவர்களைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. அப்பா கலியமூர்த்தி அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அம்மா சுலோசனாவுக்கு நிறைந்த சிரிப்பு. அம்சவள்ளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எல்லாம் காபி வருகிற வரைக்கும்தான். சுலோசனா டம்ளரை வாங்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒரு குறையும் இல்லீங்க. ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னது கெடயாது. சண்டன்னா என்னான்னே எங்களுக்குத் தெரியாது."

காபித் தட்டைப் பிடித்திருந்த லூர்துமேரி அப்படியே நின்றாள். அம்சவள்ளி அவளைப் பார்த்தாள். அவள் அம்சவள்ளியைப் பார்த்தாள். உள்ளே கதவோரம் நின்ற பூவிழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லையே, மாலுமிக்கு விருந்து வைத்த வீட்டுக்காரி பேசியதை அப்படியே பேசிவைத்தாள் அந்த மகராசி.

அவர்கள் தலை மறைந்ததும் அம்சவள்ளி, "வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"குறையே இல்லையாம். நெறையூரு தெரியுதா உனக்கு? போதாததுக்குப் பெருமுக்கல்ல மலை வேற இருக்குது."

"அது கோயில் மலைம்மா."

"எந்த மலைக்கும் அந்தாண்ட ஒரு பக்கம் இருக்குதில்ல?"

பூவிழியின் அப்பா வெங்கடாசலம் இத்தனை நேரம் வாய் திறக்காதவர், "ஏம்மா அம்சா, நல்லவங்களா இருக்குறது ஒரு தப்பா?" என்று கேட்டுப் பார்த்தார். "ஒரு வார்த்த சண்ட போடாத குடும்பத்துல, எல்லாத்தயும் முழுங்கிட்டு ஒருத்தி உக்காந்துனு இருப்பா. நாளைக்கு அது உம் பொண்ணு" என்றாள் அம்சவள்ளி.   அதைக் கேட்டுப் பூவிழிக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முறைப்படி மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது, ஆனால் கை நனைக்காமல் திரும்புவது. அங்கே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டால் சம்பந்தம் இல்லை, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், மறுபடி பேச்சும் எடுக்க மாட்டார்கள். பெண்ணின் தலையெழுத்து ஒரு கவளம் சோற்றில் இருந்தது. மனசில் திருப்திப்பட்டால் சாப்பிடுவேன், இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவேன் என்றாள் அம்சவள்ளி.

பெண் அந்த வீட்டைப் பார்க்கப் போகிற வழக்கம் இல்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூவிழி கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். லூர்துமேரி போகும்போது, "நீ எங்களுக்கு எத்தினி கத படிச்ச, இன்னிக்கு நான் உனக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன மாதிரியே மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதல் அத்தியாயம் அவள் குரலில் போனுக்கு வந்து சேர்ந்தது.

"பூவிழி, வந்து எறங்கிட்டோம். வீடு சுத்தமா இருக்குது. வாசல்ல ஒரு துரும்பு இல்ல. எனக்கு இதுவே புடிக்கல."

அடுத்தது: "எல்லாரும் சிரிக்கிறாங்க. மாடு கூட கத்த மாட்டேங்குது."

அதற்கும் அடுத்தது ரகசியக் குரலில்: "மாமனாரு எதையோ மறைக்கிறாரு. சமயக்கட்டு வாசல்லயே சுத்திச் சுத்தி வர்றாரு. நான் போனா ஒண்ணுமே தெரியாத மாதிரி வேப்பமரத்தப் பாக்குறாரு. வுட மாட்டேன், பின்னாலயே போறேன். பாத்திரம் கழுவுற எடத்தயும் பாத்துட்டுத்தான்…" என்று அந்த இடத்தில் அறுந்துவிட்டது.

மனுஷர் விடுகிற இடமா அது? பூவிழி போனையே முறைத்துக்கொண்டு, பல்பொடி கேட்டு வந்தவருக்குக் குழந்தைப் பவுடரை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

போன் மறுபடி சிணுங்கியது. "பாத்துட்டேன். மாமனாருதான் கழுவுறாரு. கெணத்தடியில குந்திக்கினு, பாட்டு பாடிக்கினு. வேற ஆளு கெடயாது, மலைக்கு அந்தாண்டயும் யாரும் இல்ல. உங்கம்மாகிட்ட சொன்னேன். இன்னிக்கு நமக்காக வேசம் போடுறாரோ என்னவோங்குறா. இல்லடி, அவரு வெரலப் பாத்தேன், சோப்பு துன்ன வெரலு அதுன்னேன். அப்பவும் அவ மூஞ்சி தெளியல."

பூவிழிக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்து வந்த குரல் அந்த மூச்சையும் பிடுங்கிக்கொண்டது. "எல போட்டுட்டாங்க. உங்கம்மா உக்கார மாட்டேன்னுட்டா. வயிறு சரியில்லையாம். உங்கப்பா எலயப் பாக்குறாரு, அவளப் பாக்குறாரு. பாவம், அந்த சுலோசனா மொகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் ஒரு வார்த்த கேக்கல பாரு, சிரிச்சிக்கினே நிக்கிது. அதப் பாத்து உங்கம்மாவுக்கு இன்னும் பயம்."

பூவிழி ஸ்டூலில் உட்கார்ந்தாள். முடிந்தது என்று நினைத்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த நாவல் இருந்தது, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதைக் கிழித்துக் குப்பையில் போடலாமா என்று கை பரபரத்தது. நூலகத்துப் புத்தகமாக இல்லாவிட்டால் போட்டிருப்பாள். பாலகுரு தலையைக் குனிந்து சிரிக்கிற சிரிப்பு நினைவுக்கு வந்தது. இனி சரக்கு இறக்க வேறு யாராவது வருவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. கண் கரித்தது.

"சரி, நான் போயி உக்காருறேன்" என்றது லூர்துமேரியின் அடுத்த செய்தி. "நான் உங்களுக்கு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல, வேதக்காரி. நான் கை நனைச்சா நிச்சயம் ஆவாது. அந்தம்மா மொகத்துக்காகவாவது ரெண்டு வாய் துன்றேன். எனக்குத் துணைக்கு மாமனாரும் புள்ளையும் உக்காருறாங்க. போன இங்கயே வைக்கிறேன், நீயும் கேளு."

பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. வந்தபோது நீளமான பதிவாக வந்தது. பூவிழி வால்யூமைக் கூட்டிக் காதோடு வைத்துக்கொண்டாள். இலையில் சோறு விழுகிற சத்தம். கரண்டிச் சத்தம். சுலோசனாவின் குரல், "எல்லாம் சரியா இருக்குதாங்க? குறை ஒண்ணும் இல்லியே?" கலியமூர்த்தி, "பிரமாதம்" என்றார். பாலகுரு, "சூப்பர்மா" என்றான்.

லூர்துமேரி சொன்னாள்: "சாம்பார்ல உப்பே இல்லியே."

 பூவிழி போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லியா?" என்றாள் சுலோசனா மெதுவாக. "ஏங்க, உப்பு இல்லியா?"

"எனக்கு இருக்குதே" என்றார் கலியமூர்த்தி.

"எங்கிட்டயேவா?" என்றாள் லூர்துமேரி. "பொழுது விடிஞ்சா பொழுது போனா உப்புல நிக்கிறவ நான். சாம்பார்ல இல்ல, பொரியல்ல இல்ல, ரசத்துல இல்ல. தம்பி, நீ எலைக்கி அடியில இன்னாத்த மறைக்கிற? எடு, பாப்போம்."

காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. மரக்காணத்தில் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருந்த பூவிழிக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தது. அந்தப் பொட்டலம். சாம்பார் சாதத்துக்கும் புளி சாதத்துக்கும் பையிலிருந்து வந்த அதே பொட்டலம்.

"ஏங்க, உங்க மடியில இன்னா?" இது சுலோசனா. குரல் மாறியிருந்தது.

"அதுவும் அதுதான்" என்று கலியமூர்த்தி ஒத்துக்கொண்டார். "கொரோனா வந்து உனக்கு நாக்கு ருசி போனப்ப, ஒரு தபா கொழம்புல உப்பு அள்ளிப் போட்டுட்ட. வந்தவங்க துப்பிட்டாங்க. நீ அழுத அழுவ இருக்குதே. அதுக்கப்புறம் ருசியும் திரும்பல, பயந்துக்கினு நீ கிள்ளிப் போடுறது எங்க நாக்குல படுறதே இல்ல. சொன்னா அழுவியேன்னு நானும் பையனும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிக்கினோம். ஆளுக்கொரு பொட்டலம். இன்னிக்குக் கூட யாரும் பாக்காதப்ப சட்டியில போட்டுடலாம்னுதான் சுத்துனேன். இந்தம்மா என்னாத்துக்கோ பின்னாலயே வந்துது."

"தெனம் கேட்டேனேய்யா." சுலோசனாவின் குரல் உயர்ந்தது. "தெனம் குறை இருக்குதான்னு கேட்டேனே. மூஞ்சியப் பாத்துப் பிரமாதம் பிரமாதம்னு சொல்லிட்டு, மடியில உப்பு வச்சிக்கினு துன்னீங்களா? சொன்னா அழுதுட்டு அடுத்த நாளு அளந்து போட்டிருப்பேன். அழுதா செத்தா பூடுவேன்?"

"அம்மா" என்றான் பாலகுரு.

"நீ பேசாத. பாக்கெட்டுல உப்பு வச்சிருக்குது பாரு, மூஞ்சி." ஒரு கரண்டி எங்கேயோ போய் விழுந்தது. "என்னமோ நீங்கதான் பெருசா மனசு நோவாம வச்சிக்கிறீங்களோ? நீ கழுவுற பாத்திரத்துல எண்ணெப் பிசுக்குப் போவுதாய்யா? என்னிக்காச்சும் போயிருக்குதா? நீ படுத்தப்புறம் மறுபடியும் அத்தினியையும் நான் எடுத்துக் கழுவுறேன். பாட்டு பாடிக் கழுவுற மனுசன் மனசு நோவுமேன்னு ஒரு நாளு சொல்லியிருப்பேனா?"

"மறுபடியும் கழுவுறியா?" என்று கலியமூர்த்தி கேட்டது பரிதாபமாக இருந்தது.

"பின்ன? நாத்தம் குடலப் புடுங்கும்."

"அப்புறம் எதுக்குடி என்னக் கழுவ வுட்ட?" என்று அவரும் குரலை உயர்த்தினார். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்றல்லவா நினைத்தோம், நன்றாகவே தெரிந்திருந்தது. இவர் ஒன்று சொல்ல அவள் இரண்டு சொல்ல, பாலகுரு நடுவே புகுந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். இதுவரை வாய் திறக்காத மாடும் கொட்டகையிலிருந்து கத்தியது.

அந்தக் கலவரத்துக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் பூவிழிக்கு யாரென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல், அளத்தில் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். "அண்ணி" என்றாள் அம்சவள்ளி. "அண்ணி, கொஞ்சம் நிறுத்துங்க. உப்பு டப்பா எங்க இருக்குது? எடுத்தாங்க. எனக்கும் ஒரு எல போடுங்க."

"உங்களுக்கு வயிறு சரியில்லன்னீங்களே?"

"அது சரியாயிட்டுது. வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்குது."

"எனக்கும் ஒரு எல" என்றார் வெங்கடாசலம், அவள் சொல்லி முடிக்கும் முன்பே.

சோறு விழுகிற சத்தம். உப்பு டப்பா திறக்கிற சத்தம்.  அம்மா மெல்லுகிறாள் என்று பூவிழிக்குத் தெரிந்தது. அவள் கல்லாவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த முதலாளி, என்னம்மா ஆச்சு என்று பதறினார். "எங்கம்மா சாப்டுட்டாங்க சார்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, நல்லது என்றார்.

மறுநாள் மத்தியானம் குரூப்பில் ஒரு புது நம்பர் சேர்ந்திருந்தது. லூர்துமேரியின் வேலை. விட்டுப்போன அத்தியாயங்கள் எல்லாவற்றையும் ராத்திரியே சுலோசனாவுக்கு அனுப்ப, அவளும் விடாமல் கேட்டுவிட்டாளாம். கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று உத்தரவு வந்தது.

பூவிழி புத்தகத்தைப் பிரித்தாள்.  இத்தனை நாள் அளத்துப் பெண்களுக்குப் படித்தாள், இப்போது வருங்கால மாமியார் கேட்கிறாள். தண்ணீர் குடித்துவிட்டு ஒரே மூச்சாகப் படித்து முடித்தாள். முரசுக்காரன் வருகிறான், குறை உண்டா என்கிறான், மாலுமி நடுத்தெருவில் நின்று "உண்டு" என்கிறான். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் கதவைத் திறந்து, "எனக்கும் உண்டு" என்கிறார். அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் தெரு முழுக்க. முரசுக்காரனே முரசைக் கீழே வைத்துவிட்டு, தன் தோள் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கை ஈரத்தோடு இறங்கி வருகிறார்கள்.

அனுப்பினாள். முதல் பதில் புது நம்பரிலிருந்து வந்தது. பூவிழி அதைத் திறக்கும் முன்பு எழுந்து நின்று, முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"பூவிழி, கத நல்லா இருந்துது கண்ணு" என்றது சுலோசனாவின் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்கிற காரியத்துக்குத் தைரியத்தைத் திரட்டிக்கொள்கிற செருமல் அது. "ஆனா ஒண்ணு சொல்லுவேன், கோச்சிக்கக் கூடாது. கடசியில ரயிலு புடிக்கிற மாதிரி ஓடிட்ட. மாலுமி பேசுறதும் அந்தக் கெழவரு பேசுறதும் ஒரே கொரலா இருக்குது. கெழவரு மொத மொதல்ல கதவத் தொறந்து எனக்கும் உண்டுன்னு சொல்றாரே, அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தணும்மா. மனுசன் எத்தினி வருசமா உள்ள வச்சிருந்தாரோ."

பூவிழி அதை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு மைக்கை அமுக்கி, "சரிங்க அத்த, தப்புதான்" என்றாள். புத்தகத்தைப் பின்னால் புரட்டி, அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து, மெதுவாக, மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.